எதுவும் நடக்கக் கூடாத டியூப்

முதுகலை முடிக்கும் வருஷம் ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் புராஜெக்ட் செய்தேன். எனக்குக் கொடுத்த முதல் வேலை கேட்பதற்கு எளிமையானது. தட்டில் வளரும் செல்களை உடைத்து, டிஎன்ஏவுக்கு நெருங்கிய உறவான ஆர்என்ஏ என்ற மூலக்கூறைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பிறகு அது முழுசாக வந்திருக்கிறதா என்று, இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆர்என்ஏ நல்ல நிலையில் இருந்தால் புற ஊதா விளக்கின் கீழே இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரியும். மேலே இருப்பது 28எஸ், கீழே இருப்பது 18எஸ். இரண்டுமே, செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்குள் இருக்கும் ஆர்என்ஏக்கள். செல்லின் ஆர்என்ஏவில் பெரும்பங்கு ரைபோசோமுடையதுதான் என்பதால் அவை மட்டும் கோடாகத் திரண்டு நிற்கும். மற்றவையெல்லாம் மெல்லிய பின்னணியாகப் பரவிவிடும்.

எனக்கு மூன்று வாரம் கோடே வரவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல், ஈரச் சுவரில் வழிந்த சாயம் மாதிரி. அதை ஸ்மியர் என்பார்கள். ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது முறை ஓட்டும்போது சீனியர் அக்கா பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கிளவுஸ் போட்ட பிறகு எதையெல்லாம் தொட்டே?"

"ஃப்ரீசர் கைப்பிடி, அக்கா. அப்புறம் டியூப்தான்."

"அந்தக் கைப்பிடியை நேற்றிலிருந்து எத்தனை பேர் வெறுங்கையோடு தொட்டிருப்பாங்க?"

அவ்வளவுதான் விஷயம். ஆர்என்ஏவை வெட்டும் நொதிகளுக்கு ஆர்என்ஏஸ் என்று பெயர். தோலில் இருக்கின்றன, வியர்வையில் இருக்கின்றன, பேசும்போது தெறிக்கும் எச்சிலில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கொதிக்க வைத்தாலும், ஆறியதும் மறுபடி மடங்கித் தன் வடிவத்துக்கு வந்து வேலையைத் தொடரும். பக்கத்து மேசையில் டிஎன்ஏ வேலை செய்தவர்கள் டியூபை மேசை மேலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நான் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவ்வளவு பலவீனமான ஒரு மூலக்கூறை உயிர் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது நிஜமாகவே கோபம் வந்தது. அந்தக் கேள்விக்கு நான் பின்னால் தெரிந்துகொண்ட பதிலைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

ஆர்என்ஏ, டிஎன்ஏ இரண்டுமே சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த நீண்ட இழைகள். ஒவ்வொரு சர்க்கரையிலிருந்தும் ஓர் எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்என்ஏவில் அது அடினின், குவானின், சைட்டோசின், யுராசில் என்ற நான்கில் ஒன்று. டிஎன்ஏவில் யுராசிலுக்குப் பதில் தைமின். இதைவிட முக்கியமான வித்தியாசம் சர்க்கரையில் இருக்கிறது. ஆர்என்ஏவின் சர்க்கரையான ரைபோஸில், இரண்டாவது கார்பன் அணுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சின்ன ஹைட்ராக்சில் தொங்கிக்கொண்டிருக்கும். டிஎன்ஏவில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன். டிஎன்ஏ என்ற பெயரின் முதல் எழுத்தே அங்கே ஆக்சிஜன் இல்லை என்பதைச் சொல்வதற்காக வைத்ததுதான்.

அந்தத் தொங்கலுக்கு மிக அருகில், இழையின் அடுத்த இணைப்பான பாஸ்பேட் இருக்கிறது. இழை அசைந்து கொடுக்கும்போது எப்போதாவது மூன்று அணுக்கள் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்: ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன், நடுவில் பாஸ்பரஸ், எதிர்ப்பக்கத்தில் அடுத்த சர்க்கரையைப் பிடித்திருக்கும் ஆக்சிஜன். அப்படி நிற்கும் கணத்தில் முதல் ஆக்சிஜன் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்து ஆக்சிஜன் பிடியை விட்டுவிடும். இழை அறுந்தது. கரைசல் காரமாக இருந்தால், ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் எளிதாகக் கழன்று அந்த ஆக்சிஜன் இன்னும் துடிப்பாகிவிடும். அதனால்தான் சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டால் ஆர்என்ஏ உதிர்ந்துபோகிறது. டிஎன்ஏவோ இரண்டு இழையாகப் பிரிவதோடு சரி. பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய மாமத் யானைப் பல்லிலிருந்து 2021இல் டிஎன்ஏவைப் படித்தார்கள். இல்லாத அந்த ஓர் ஆக்சிஜன் செய்யும் வேலை அது.

தோலிலிருந்து வரும் அந்த ஆர்என்ஏஸ் செய்வதும் இதே வினையைத்தான். இழையைப் பிடித்து, அந்தத் தொங்கலையே உசுப்பிவிட்டு, இழை தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும்படி செய்கிறது.

ஆய்வகத்தில் வாரம் ஒருமுறை ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து விவாதிப்போம். அப்படி ஒருநாள் ஹாமர்ஹெட் என்ற ஆர்என்ஏவைப் பற்றிப் பேச்சு வந்தது. சில செடிகளைத் தாக்கும் வைராய்டுகளில் இது இருக்கிறது. வைராய்டு வைரஸைவிடச் சின்னது. புரத உறை கிடையாது, புரதம் செய்யும் குறிப்பும் கிடையாது. சுமார் 250 முதல் 400 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ வளையம், அவ்வளவுதான். அவகாடோ மரத்தில் வாழும் வைராய்டு தன்னை நகலெடுக்கும்போது, பல நகல்கள் ஒரே சங்கிலியாக வரும். அந்தச் சங்கிலியைச் சரியான இடத்தில் தனித்தனியாக வெட்டியாக வேண்டும். வெட்டுவது எந்த நொதியும் இல்லை. ஆர்என்ஏ தன் மேலேயே மடிந்து, சுத்தியல் தலை மாதிரி ஒரு வடிவம் எடுத்து, ஒரே ஓர் இடத்தில் தன்னை அறுத்துக்கொள்கிறது. எப்படி என்றால், நான் மேலே சொன்ன அந்த மூன்று அணுக்களை நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி.

அதே ஹைட்ராக்சில், அதே பாஸ்பேட், அதே வினை. என் ஜெல்லில் கண்ட இடத்திலெல்லாம் நடந்து ஸ்மியராக வந்தது இங்கே ஒரே இடத்தில், குறி வைத்து, சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் நடக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆர்என்ஏ உடைவதற்குக் காரணமான அந்த ஆக்சிஜனே அதற்கு வேலை செய்யும் கையாகவும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பத்திரமான, நீடித்து நிற்கும் டிஎன்ஏ கிடைக்கும். ஆனால் செல்லில் டிஎன்ஏ பெரும்பாலும் ஜோடியோடு இறுகச் சுற்றிக்கொண்டு, தன்னைப் படிக்க யாராவது வரட்டும் என்று காத்திருக்கும். ஆர்என்ஏ தனி இழை. ஜோடி இல்லாததால் தன் உடம்பிலேயே ஜோடி தேடி மடங்குகிறது. மடங்கிய இடங்களில் குழிகள் உண்டாகின்றன. குழிகளில் மெக்னீசியம் அயனி வந்து உட்காருகிறது. வினை நடக்க அங்கே இடம் கிடைத்துவிடுகிறது.

இதெல்லாம் இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1980 வரை பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்கவில்லை. நொதி என்றால் புரதம் என்பது அப்போது விதி. அந்த விதியும் சும்மா வந்ததில்லை. ஜேம்ஸ் சம்னர் 1926இல் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி அது புரதம்தான் என்று காட்டியபோது, பெரிய வேதியியலாளர்களே நம்ப மறுத்தார்கள். அவருக்கு நோபல் கிடைக்க 1946 ஆனது. அவ்வளவு போராடி நிலைநாட்டிய உண்மை, அடுத்த தலைமுறைக்குச் சந்தேகமே வராத விதியாகிவிட்டது.

அந்த விதி எப்படி உடைந்தது என்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. காரணம், அது கண்ட்ரோல் டியூபில் உடைந்தது.

ஆய்வகம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு சோதனை செய்யும்போது பக்கத்திலேயே இன்னொரு டியூப் வைப்போம். அதில் எல்லாம் இருக்கும், நாம் சோதிக்கும் அந்த ஒரு பொருள் மட்டும் இருக்காது. அதில் ஒன்றும் நடக்கக் கூடாது. ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் முதல் டியூபில் நடந்ததற்கு அந்தப் பொருள் காரணம் என்று சொல்ல முடியும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் செக் டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். குளத்து நீரில் வாழும், உடம்பெல்லாம் நுண்ணிய இழைகள் துடிக்கும் உயிரி. அதன் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணு ஒவ்வொரு செல்லிலும் சுமார் 10,000 பிரதிகளாக இருப்பதால் ஆராய்ச்சிக்கு வசதி. அந்த மரபணுவின் நடுவே 413 எழுத்து நீளத்துக்கு ஒரு தேவையில்லாத பகுதி, அதாவது இன்ட்ரான், இருந்தது. ஆர்என்ஏவாக எழுதப்பட்ட பிறகு அது வெட்டி எடுக்கப்பட்டு இரண்டு பக்கமும் ஒட்டப்பட வேண்டும். ஒட்டும் நொதியைக் கண்டுபிடிப்பதுதான் செக்கின் குறிக்கோள். அவரோடு வேலை செய்த ஆர்தர் ஜாக், ஆர்என்ஏவோடு செல் கருவின் சாறைச் சேர்த்து ஒரு டியூப், சாறு சேர்க்காமல் ஒரு கண்ட்ரோல் என்று வைத்தார். நொதி சாற்றில்தானே இருக்க வேண்டும்? ஆனால் இரண்டு டியூபிலும் இன்ட்ரான் வெட்டுப்பட்டு வெளியே வந்திருந்தது.

கண்ட்ரோலைத் தயாரித்ததில் ஏதோ தவறு என்றுதான் செக் முதலில் நினைத்தார். மறுபடி செய்தார்கள், மறுபடியும் அதேதான் வந்தது. சரி, ஆர்என்ஏவோடு ஏதோ ஒரு புரதம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்து அதை ஒழிக்கக் கிளம்பினார்கள். கொதிக்க வைத்தார்கள். சோப்புப் போன்ற டிட்டர்ஜென்டைச் சேர்த்தார்கள். புரதங்களைத் தின்னும் நொதிகளைப் போட்டார்கள். எல்லாவற்றுக்குப் பிறகும் இன்ட்ரான் தன்பாட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம் உப்பு, மெக்னீசியம், குவானினோடு சர்க்கரை சேர்ந்த ஒரு குவனோசின். அந்தக் குவனோசினும் ஆற்றல் கொடுப்பதற்காக வரவில்லை. தன் ஹைட்ராக்சிலால் இழையைத் தாக்கி வெட்டி, வெட்டுப்பட்ட இன்ட்ரானின் தலையில் தானே ஒட்டிக்கொள்கிறது.

கடைசிச் சந்தேகத்தை அவர்கள் தீர்த்த விதம் அழகானது. அந்த மரபணுத் துண்டை பாக்டீரியாவின் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி, பிளாஸ்மிடைத் தூய்மைப்படுத்தி, சோதனைக் குழாயிலேயே அதிலிருந்து ஆர்என்ஏவை எழுத வைத்தார்கள். டெட்ராஹைமினா செல்லின் வாசலைக்கூட மிதிக்காத ஆர்என்ஏ அது. அதன் புரதம் எதுவும் ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. அதுவும் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. 1982இல் கட்டுரை வந்தது. இப்படி வேலை செய்யும் ஆர்என்ஏவுக்கு ரைபோசைம் என்று பெயர் வைத்தார்கள்.

அதே நேரத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் சிட்னி ஆல்ட்மன் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஆராய்ந்தது ஆர்என்ஏஸ் பி. புரதம் செய்யும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சின்ன ஆர்என்ஏக்களின் முன்பக்கத்து அதிகப்படி வாலை நறுக்கும் நொதி இது. எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் இதோடு ஓர் ஆர்என்ஏ கூடவே வந்தது. அழுக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவருடைய மாணவர் பெஞ்சமின் ஸ்டார்க், அந்த ஆர்என்ஏவை அழித்தால் நொதியும் செத்துப்போகிறது என்று 1978இல் காட்டினார். அப்போதும்கூட வெட்டும் கத்தி புரதம், ஆர்என்ஏ துணைக்கு நிற்கிறது என்றுதான் எண்ணத் தோன்றும். பிறகு சிசிலியா கெரியர்-டகாடா புரதத்தையும் ஆர்என்ஏவையும் பிரித்து மறுபடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்என்ஏ மட்டும் போட்ட ஒரு டியூப் கண்ட்ரோலாக இருந்தது. பஃபர் என்கிற அந்தக் கரைசலில் மெக்னீசியம் வழக்கத்தைவிட அதிகம். அந்த டியூபில் வால்கள் வெட்டுப்பட்டிருந்தன. 377 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ, எந்தப் புரதமும் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக மூலக்கூறுகளை நறுக்கிக்கொண்டிருந்தது. 1983இல் வெளியானது. செக்கின் இன்ட்ரான் தன்னையே மாற்றிக்கொண்டு ஒரு முறையோடு நின்றுவிடும். இது தான் மாறாமல் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. வினையூக்கி என்ற சொல்லுக்குக் கறாரான அர்த்தத்தில் இதுதான் பொருந்துகிறது. 1989இல் செக்குக்கும் ஆல்ட்மனுக்கும் வேதியியல் நோபல் பரிசு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இரண்டு ஆய்வகம், இரண்டு கண்ட்ரோல். சோதனையின் பதிலை எல்லோரும் முக்கியமான டியூபில் தேடிக்கொண்டிருந்தபோது அது காலி டியூபில் இருந்தது. ஜாக்கும் கெரியர்-டகாடாவும் அந்தக் குழாய்களைச் சோம்பலில் விட்டிருந்தாலோ, வந்த விடையைப் பிழை என்று குப்பையில் போட்டிருந்தாலோ இன்னும் எத்தனை வருஷம் போயிருக்குமோ. நோபல் பரிசு வாங்கியவர்கள் பெயரோடு இந்த இருவர் பெயரையும் நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

இப்போது உயிரின் தொடக்கத்துக்கு வருவோம். உயிரியல் படிக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. புரதம் செய்யக் குறிப்பு டிஎன்ஏவில் இருக்கிறது. டிஎன்ஏவை நகலெடுக்கவும் படிக்கவும் புரதம் வேண்டும். கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதேதான். இரண்டும் ஒரே நாளில் தற்செயலாகத் தோன்றிக் கைகோத்துக்கொண்டன என்று நம்புவது கஷ்டம். கார்ல் வோஸ் 1967இலும், பிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் 1968இலும், ஆர்என்ஏவே தொடக்கத்தில் நொதியாகவும் இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். வெறும் யோசனைதான், கையில் ஓர் உதாரணம்கூட இல்லை. பதினான்கு வருஷம் கழித்து உதாரணம் வந்தது. செய்தியைச் சுமக்கவும் வேலை செய்யவும் ஒரே மூலக்கூறால் முடியும் என்றால், கோழியும் முட்டையும் ஒன்றாகவே இருந்த காலம் ஒன்று இருந்திருக்க முடியும். அந்தக் காலத்துக்கு வால்டர் கில்பர்ட் 1986இல் ஆர்என்ஏ உலகம் என்று பெயர் சூட்டினார்.

அந்த உலகத்துக்குக் கல்லில் தடயம் கிடையாது. ஆர்என்ஏ எவ்வளவு நாள் தாங்கும் என்பதை என் ஜெல்லே சொல்லும். தடயம் இருப்பது உயிருள்ள செல்லுக்குள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது உத்தரத்தையும் கதவையும் எடுத்துப் புது வீட்டிலும் வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஓர் ஆர்என்ஏ எழுத்து. எலக்ட்ரான்களைக் கொண்டுபோகும் என்ஏடி, எஃப்ஏடி இரண்டிலும், அடினினோடு ரைபோஸ் சேர்ந்த அடினோசின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நொதிகளுக்குத் துணையாக வேலை செய்யும் கோஎன்சைம்-ஏவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்வது ஒரு முனையில் இருக்கும் கந்தகத்தால். மறுமுனையில் இருக்கும் ஆர்என்ஏ எழுத்து அந்த வினையில் கலந்துகொள்வதே இல்லை. பிடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் ஆர்என்ஏ நொதிகளின் காலத்து மிச்சங்கள் என்று ஹெரால்ட் ஒயிட் 1976இலேயே எழுதினார், ரைபோசைம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே. டிஎன்ஏவின் கதையும் இதையே சொல்கிறது. செல்கள் டிஎன்ஏவின் செங்கற்களைச் செய்யும்போது முதலில் ஆர்என்ஏ செங்கல்லைச் செய்து, பிறகு அதிலிருந்து அந்த ஆக்சிஜனைப் பிடுங்குகின்றன. பிடுங்குவதும் சாதாரண வேலையில்லை, செல்லின் மிகக் கடினமான வினைகளில் ஒன்று. டிஎன்ஏ பின்னால் வந்தது என்பதற்கு இதைவிட நேரான குறிப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடயம் ரைபோசோம். எல்லா உயிர்களிலும் புரதம் கட்டப்படுவது அங்கேதான். பாக்டீரியாவின் ரைபோசோம் எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ, மீதி ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள். வேலையைப் புரதங்கள் செய்கின்றன, ஆர்என்ஏ அவற்றைத் தாங்கும் சட்டம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1992இல் ஹாரி நோலர், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமிலிருந்து புரதங்களைத் தின்னும் நொதியாலும் டிட்டர்ஜென்டாலும் ஃபீனாலாலும் அடித்து நீக்கிப் பார்த்தார். அமினோ அமிலங்களை இணைக்கும் திறன் போகவில்லை. கொஞ்சம் புரதத் துண்டுகள் அதில் மிஞ்சியிருந்ததால் வழக்கு முடியவில்லை.

2000இல் யேலில் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழு ரைபோசோமின் பெரிய பாதியின் அமைப்பை அணு அணுவாக வெளியிட்டது. சாக்கடலில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. இணைப்பு நடக்கும் அந்த இடத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குப் புரதமே இல்லை. மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். 18 ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒன்றுமில்லாத தூரம் போலத் தோன்றும். ஆனால் வேதிப்பிணைப்பின் நீளம் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம்தான். அந்த உலகத்தில் 18 என்பது எட்டவே முடியாத தூரம். புரதங்கள் வெளியே சுற்றி நின்று ஆர்என்ஏவை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நடுவில், வேலை நடக்கும் இடத்தில், ஆர்என்ஏ மட்டும்தான். ஸ்டைட்ஸுக்கும், ரைபோசோமின் இரண்டு பாதிகளையும் தெளிவாக்குவதில் பெரும்பங்காற்றிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அடா யோனாத் இருவருக்கும் 2009இல் நோபல் கிடைத்தது.

பூமியில் இதுவரை ரைபோசோமில் உருவான ஒவ்வொரு புரதமும் ஆர்என்ஏ கையால் கட்டப்பட்டது என்பதே இதன் அர்த்தம். புரதம் தன்னைத் தானே செய்துகொள்ளவில்லை. ஆர்என்ஏ உலகம் என்ற கருத்தை ஆதரிக்கும் சான்றுகளில் வேறு எதை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம். இதை என்ன செய்தாலும் ஒதுக்க முடியாது என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஓர் ஆர்என்ஏ இன்னோர் ஆர்என்ஏவை நகலெடுக்க முடியுமா? உயிர் என்று சொல்ல வேண்டுமானால் அதுதானே முதல் தேவை. இயற்கையில் இன்றைக்கு அப்படி ஒன்று இல்லை, இருந்திருந்தாலும் தொலைந்துவிட்டது. அதனால் உருவாக்கிப் பார்க்கிறார்கள். 1993இல் டேவிட் பார்ட்டலும் ஜாக் ஷோஸ்டாக்கும் எழுத்துகளைக் கண்டபடி கோத்த ஆர்என்ஏக்கள் பத்துக் கோடி கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை மலைப்பாக இருந்தாலும் எடை ஒரு மில்லிகிராம்கூட வராது. அதிலிருந்து இரண்டு ஆர்என்ஏக்களை ஒட்டத் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி, பெருக்கி, மறுபடி பொறுக்கி, பத்துச் சுற்று போனார்கள். எந்தத் திட்டமும் இல்லாத குவியலிலிருந்து, ஊக்கி இல்லாத வேகத்தைவிட 70 லட்சம் மடங்கு வேகமாக ஒட்டும் ரைபோசைம்கள் வந்தன. அந்த வம்சத்திலிருந்து பிறந்த ஒரு ரைபோசைம் 2001இல், அச்சு இழையைப் பார்த்து 14 எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தது. 2011இல் பிலிப் ஹாலிகர் குழு அதை 95 எழுத்து வரை கொண்டுவந்தது. பிறகு பனியில் செய்து பார்த்தபோது 200ஐத் தாண்டியது.

பனி என்றதும் எனக்கு என் ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. நீர் உறையும்போது தூய நீர் படிகமாகிவிடும். உப்பும் ஆர்என்ஏவும் படிகங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய திரவ இடுக்குகளில் ஒதுங்கிச் செறிவாகும். அங்கே குளிர் ஆர்என்ஏவை உடையாமல் காக்கிறது, நெருக்கம் வினையை நடத்துகிறது. சூடான குட்டையில் உயிர் பிறந்தது என்ற படத்தையே பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் குளிர்ந்த இடுக்குகள் நம்பத் தகுந்ததாகவே தோன்றுகின்றன.

கஷ்டமான கேள்விகள் நிறையவே இருக்கின்றன, அவற்றை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. முதல் ஆர்என்ஏவின் செங்கற்கள் எங்கிருந்து வந்தன? அடினின் கிடைப்பது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகள் ஐந்து சேர்ந்தால் அடினின். உயிரைக் கொல்லும் நஞ்சு, உயிரின் எழுத்து. ஜோவான் ஓரோ 1960இல் இதைச் செய்து காட்டினார். ஆனால் ரைபோஸ் சிக்கலானது. நடுநிலைக் கரைசலில் 100 டிகிரி வெப்பத்தில் 73 நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அதே ரைபோஸ் 0 டிகிரியில் பாதி அழிய 44 ஆண்டு ஆகும். சர்க்கரையையும் எழுத்தையும் தனித்தனியாகச் செய்து ஒட்டும் முயற்சி, குறிப்பாக சைட்டோசின், யுராசில் விஷயத்தில், பல காலம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஜான் சதர்லாந்து குழு 2009இல் கேள்வியையே மாற்றிப் போட்டது. தனித்தனியாகச் செய்யவே வேண்டாம், பாதிச் சர்க்கரையும் பாதி எழுத்துமான ஓர் இடைப்பொருள் வழியாகப் போகலாம் என்று காட்டினார்கள். பாஸ்பேட் கூட இருந்தால் வினை வழிதவறாமல் போகிறது, கடைசியில் புற ஊதா ஒளி தேவையில்லாதவற்றை அழித்துச் சரியானவற்றை மிச்சம் வைக்கிறது.

அதற்கப்புறமும் ஒரு முரண் தீரவில்லை. ரைபோசைமுக்கு மெக்னீசியம் வேண்டும். அதே மெக்னீசியம் ஆர்என்ஏ உடைவதையும் துரிதப்படுத்தும். கொழுப்பு அமிலத்தாலான ஆதிகாலச் செல்லுறை என்றால் அதையும் சிதைத்துவிடும். கூடவே சிட்ரேட்டைச் சேர்த்தால் உறை தாங்குகிறது என்று 2013இல் ஷோஸ்டாக்கும் கேட் ஆடமாலாவும் காட்டினார்கள். ஆதிப் பூமியில் அவ்வளவு சிட்ரேட் எங்கே இருந்தது என்று அடுத்த கேள்வி. ஆர்என்ஏ தன்னந்தனியாக உலகத்தை ஆண்டது என்ற வடிவத்தில் இந்தக் கருத்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. பெப்டைடுகள் என்கிற சின்னச் சின்ன அமினோ அமிலச் சங்கிலிகளும் கொழுப்புகளும் உலோக அயனிகளும் முதலிலிருந்தே கூட இருந்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நினைவாற்றலும் கையும் சேர்ந்து இருந்த மூலக்கூறு நமக்குத் தெரிந்த வரையில் ஆர்என்ஏ மட்டும்தான்.

என் புராஜெக்டின் ஐந்தாவது வாரம் கோடுகள் வந்தன. ஃப்ரீசர் கைப்பிடியைத் தொட்டதும் கிளவுஸை மாற்றினேன், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருட்டு அறையில் விளக்கைப் போட்டதும் 28எஸ், 18எஸ் இரண்டும் கத்தியால் கீறினது மாதிரி நின்றன. அப்போது எனக்கு அவை நல்ல சாம்பிள் என்பதற்கான அடையாளம் மட்டும்தான்.

இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் மேல்கோட்டில்தான் கண் நிற்கிறது. அமினோ அமிலங்களை இணைக்கும் அந்த இடம், 18 ஆங்ஸ்ட்ராமுக்குப் புரதம் அண்டாத அந்த இடம், 28எஸ் ஆர்என்ஏவின் மடிப்புகளுக்குள் இருக்கிறது. மூன்று வாரம் என் சாம்பிளைத் தின்ற ஆர்என்ஏஸ் ஒரு புரதம். யாரோ ஒருவரின் தோல் செல்லில், இதே மாதிரி ஒரு 28எஸ் ஆர்என்ஏதான் அதை ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோத்து அனுப்பியிருக்கிறது. படத்தை நோட்டில் ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய பக்கங்களில் அந்த ஸ்மியர்கள் நான்கும் இருக்கின்றன. அவற்றையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.